சருமக் கருந்திட்டுகள் மங்க இயற்கை வழிகள்: பலன் தருபவை எவை, தீங்கு செய்பவை எவை?

புது தில்லி: முகத்திலும் கழுத்திலும் கருந்திட்டுகள் தோன்றினால், அவற்றைப் போக்கும் தேடல் பெரும்பாலும் சமையலறையில் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறு, மஞ்சள், கடலை மாவு, தயிர் என ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்து, அதில் நிறைவு பெறாதவர்கள் மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்குகின்றனர். சிலருக்குத் திட்டு மங்குகிறது. வேறு சிலருக்கோ முன்பு இருந்ததைவிட அடர்ந்துவிடுகிறது. பூசிய பொருள் எது என்பதை மட்டுமன்றி, திட்டு உருவான காரணத்தையும் பொறுத்தே இந்த வேறுபாடு அமைகிறது.

தெற்கு தில்லியில் உள்ள லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கு இயங்குவதால் தலைநகரத் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான இடமும்கூட. தென்னிந்திய மளிகைப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற ஐ.என்.ஏ. சந்தையும், எய்ம்ஸ், சஃப்தர்ஜங் ஆகிய பெரிய மருத்துவமனைகளும் இதன் அருகிலேயே உள்ளன. கருந்திட்டுக்கு எதுவரை வீட்டுப் பொருள்கள் போதும், எப்போது மருத்துவமனையை நாட வேண்டும் என்பதை அறிந்துகொள்வது இங்கு வசிப்போருக்கு மட்டுமன்றி, அனைவருக்கும் பயன்படும்.

கருந்திட்டு எப்படி உருவாகிறது?

தோலின் மேலடுக்கில் உள்ள நிறமிச் செல்கள் மெலனின் என்னும் நிறமியை உற்பத்தி செய்கின்றன. டைரோசினேஸ் என்ற நொதி இப்பணியில் முதன்மையான பங்கு வகிக்கிறது. உருவான நிறமி சுற்றியுள்ள தோல் செல்களுக்குப் பகிரப்படுகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து செல்களின் உட்கருவைக் காக்கும் குடையாக மெலனின் செயல்படுகிறது. எனவே அது தோலின் பகை அன்று, காவல்.

வெயில், ஹார்மோன் மாற்றம், பரு, கொசுக்கடி, தீக்காயம், ஒவ்வாமை, இடைவிடாத உராய்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இச்செல்களைத் தூண்டும்போது, குறிப்பிட்ட இடத்தில் நிறமி மிகுந்து திட்டாகத் தெரிகிறது. நிறமி மேலடுக்கிலேயே தங்கியிருந்தால் திட்டு பழுப்பு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் மங்கவும் கூடும். நிறமி அடியில் உள்ள அடுக்குக்கு இறங்கிவிட்டால் திட்டு சாம்பல் அல்லது நீலம் கலந்த நிறத்தில் தோன்றும். அது மங்க ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். மேற்பூச்சுகள் அந்த ஆழத்தில் அதிகம் பலன் தருவதில்லை.

காரணத்தை அறிவதே முதல் படி

கருந்திட்டுகள் யாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. திட்டு இருக்கும் இடத்தையும் வடிவத்தையும் கொண்டே காரணத்தை ஓரளவு ஊகிக்க முடியும்.

மங்கு: கன்னங்கள், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் இருபுறமும் ஒரே அளவில் படரும் பழுப்புத் திட்டு. பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரைகள், பரம்பரை ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. கர்ப்ப காலத்தில் தோன்றும் மங்கு, பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தானாகவே குறைந்துவிடும்.

பருவும் காயமும் விட்டுச் செல்லும் கருமை: பரு, கொப்புளம், படை, தீக்காயம் ஆறிய இடத்தில் தங்கும் நிறம். மாநிறத் தோலில் இது மிகுதி. பருவைக் கிள்ளுவதும் படையைச் சொறிவதும் இதைக் கூட்டும்.

கழுத்துக் கருமை: கழுத்தின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் தடித்து, வெல்வெட்டுத் துணி போலக் கறுப்பது. இது அழுக்கு அன்று. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. உடலில் இன்சுலின் சரிவரச் செயல்படவில்லை என்பதற்கான அடையாளமாகவே இதைப் பெரும்பாலும் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

உராய்வுக் கருமை: நைலான் நார், பீர்க்கங்கூடு, படிகக்கல் கொண்டு முதுகையும் கைகளையும் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு, எலும்பு புடைத்த இடங்களில் தோன்றுவது. கறுப்பைப் போக்கத் தேய்க்க, தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கூடும் என்பதே இதன் தன்மை.

ஒவ்வாமைக் கருமை: குங்குமத்தில் கலக்கும் செயற்கைச் சாயம், முடிச்சாயத்தில் உள்ள வேதிப்பொருள்கள், வாசனைத் திரவியங்கள் ஆகியவை சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பு அதிகம் இல்லாமலேயே நெற்றி, காதோரம், கழுத்து ஆகிய இடங்கள் மெல்லக் கறுக்கும். பயன்படுத்தும் பொருளை நிறுத்தாதவரை எந்தப் பூச்சும் இதற்குப் பலன் தராது.

இவை தவிர, வைட்டமின் பி12 குறைபாட்டால் விரல் கணுக்கள் கறுக்கலாம். மலேரியாவுக்கான சில மருந்துகளும், புற்றுநோய்ச் சிகிச்சையில் தரப்படும் சில மருந்துகளும் கருமையை உண்டாக்குவது உண்டு. சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் மூக்கின் மேல் கருமை படர்வதும் இந்தியாவில் அறியப்பட்ட ஒன்று.

வெயில் காப்பே முதன்மையான இயற்கை வழி

கருந்திட்டுக்கு எந்தச் சிகிச்சையை மேற்கொண்டாலும், வெயிலிலிருந்து காப்பு இல்லையெனில் அது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போன்றதே. ஒரு மாதம் முயன்று மங்கிய திட்டு, ஒரு வாரம் வெயிலில் அலைந்தால் மீண்டும் அடர்ந்துவிடும்.

மே, ஜூன் மாதங்களில் 40 டிகிரி செல்சியசைக் கடக்கும் தில்லி வெயிலில் இக்காப்பு மேலும் இன்றியமையாதது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நேரடி வெயிலைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். வெளியே செல்ல நேர்ந்தால் குடை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, முகத்தை மறைக்கும் பருத்தித் துப்பட்டா ஆகியவை செலவில்லாத நல்ல காப்புகள். பேருந்து நிறுத்தத்தில் நிழலில் நிற்பதும்கூடக் கணக்கில் சேரும்.

வெயில் காப்புப் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருப்பதைப் பார்க்க வேண்டும். சரியான அளவில் பூசினால் எஸ்.பி.எஃப். 30 உள்ள பூச்சு, வெயிலால் தோல் சிவந்து எரியக் காரணமான புற ஊதா-பி கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கிய அளவே முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. பெரும்பாலோர் பூசுவது இதில் பாதிகூட இருப்பதில்லை. வெளியே இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். புற ஊதா-ஏ கதிர்கள் கண்ணாடியைத் தாண்டி வரும் என்பதால், சன்னலோரம் அமர்ந்து பணிபுரிவோருக்கும் காரில் செல்வோருக்கும் இது பொருந்தும்.

மங்கு உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் மாநிறத் தோலில் நிறமியைத் தூண்டுகிறது. வெள்ளைப் பூச்சுகள் இதை அதிகம் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் பூச்சுகள் இவ்வகையில் கூடுதல் காப்பு அளிக்கின்றன.

புகையும் தூசியும்

காற்று மாசுக்கும் கருந்திட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. 70 முதல் 80 வயது வரையுள்ள 400 பெண்களிடம் மேற்கொள்ளப்பட்டு 2010-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், வாகனப் புகைத் துகள்கள் மிகுந்த சூழலில் வாழ்ந்தோருக்கு நெற்றியிலும் கன்னத்திலும் 20 விழுக்காடு கூடுதலான நிறப்புள்ளிகள் காணப்பட்டன. மாசு குறைந்த நாள்களே அரிதாகிவிட்ட தில்லி வாசிகள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

வெளியிலிருந்து வீடு திரும்பியதும் மென்மையான சோப்பு அல்லது பயத்தம் மாவு கொண்டு முகத்தை ஒருமுறை கழுவினால் போதும். நாளுக்கு ஐந்தாறு முறை கழுவுவது தோலின் எண்ணெய்ப் பசையை அகற்றி எரிச்சலை உண்டாக்கும். அந்த எரிச்சலே மீண்டும் கருமைக்கு வழிவகுக்கும். தில்லியின் வறண்ட குளிர்காலத்தில் குளித்த உடன், தோலில் ஈரம் இருக்கும்போதே ஈரப்பதப் பூச்சு தடவுவது நல்லது. கை, கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் போதுமானது. பரு உள்ள முகத்துக்கு எண்ணெய் ஏற்றதன்று.

வீட்டுப் பொருள்களுள் பலன் தரக்கூடியவை

தழும்பு வராமல், மேலடுக்கில் மட்டும் உள்ள லேசான கருமைக்குக் கீழ்க்காணும் பொருள்களை முயன்று பார்க்கலாம். இவை மெதுவாகவே செயல்படும். மங்கச் செய்யுமே அன்றி முற்றிலும் அழித்துவிடா.

அதிமதுரம்: வட இந்தியக் கடைகளில் முலேட்டி என்ற பெயரில் கிடைக்கும் வேர். இதில் உள்ள கிளாப்ரிடின் என்ற பொருள் டைரோசினேஸ் நொதியின் செயல்பாட்டைக் குறைப்பது ஆய்வகங்களில் அறியப்பட்டுள்ளது. மங்குக்கான பல நவீனப் பூச்சுகளிலும் அதிமதுரச் சாரம் சேர்க்கப்படுகிறது. ஆனால், பிரித்தெடுத்த சாரத்தின் வலிமை வீட்டில் அரைத்த பொடிக்கு இராது. நன்கு சலித்த பொடியைப் பன்னீர் அல்லது பாலில் குழைத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் 10 நிமிடம் பூசிக் கழுவலாம்.

சோற்றுக்கற்றாழை: இதன் சோறு தோலின் வெப்பத்தையும் எரிச்சலையும் தணித்து ஈரப்பதம் தருகிறது. வெயிலில் கன்றிய தோலுக்கு ஏற்றது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் நிறப் பால் தோலை அரிக்கக்கூடியது. எனவே வெட்டிய மடலைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, பால் வடிந்தபின் சோற்றை நன்கு கழுவிப் பயன்படுத்த வேண்டும்.

மஞ்சள்: அழற்சியைத் தணிக்கும் தன்மை கொண்டது. பரு ஆறும் காலத்தில் சிறிதளவு பயன்படலாம். ஆயினும் மஞ்சளே ஒவ்வாமையை உண்டாக்குவதும் உண்டு. கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குகளின் பொடியும் சந்தையில் விற்கப்படுகிறது. முழுக் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

தயிரும் பயத்தம் மாவும்: தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் இறந்த செல்களை மென்மையாக அகற்ற உதவுகிறது. பயத்தம் மாவு சோப்பைவிட மென்மையாகத் தோலைத் தூய்மை செய்கிறது. இரண்டையும் குழைத்துப் பூசி, காய்ந்து இறுகும் முன்பே நீர் விட்டுக் கழுவ வேண்டும். காய்ந்த மாவை உரித்துத் தேய்த்து எடுத்தால் உராய்வுதான் மிஞ்சும்.

எந்தப் பொருளானாலும் முதலில் முன்கையின் உட்புறத்தில் தொடர்ந்து மூன்று நாள் பூசிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையெனில் மட்டுமே முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே நேரத்தில் பல பொருள்களைக் கலந்து பூசினால், ஒத்துக்கொள்ளாதது எது என்று கண்டறிய முடியாது.

கார்போகரிசி: ஒரே விதை, இரு குணங்கள்

தமிழகத்து நலங்குமாவிலும் குளியல் பொடியிலும் கார்போகரிசி சேர்ப்பது வழக்கம். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் வெண்புள்ளிகளுக்கு, அதாவது நிறமிழந்த தோலில் மீண்டும் நிறத்தைக் கொண்டுவர, இவ்விதை நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இதில் உள்ள சோராலென் என்னும் பொருள் வெயிலுடன் சேரும்போது தோலில் நிறமியைத் தூண்டுவதே அதற்குக் காரணம். எனவே கருந்திட்டு உள்ளவர்கள் கார்போகரிசி கலந்த மாவைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால், விரும்பியதற்கு நேர் எதிரான விளைவே ஏற்படலாம். தோல் கொப்பளிப்பதும் உண்டு.

அதே விதையிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுக்கப்படும் பகுச்சியால் என்ற பொருள் வேறு வகையானது. 2019-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 44 பேரிடம் 12 வாரங்கள் இப்பொருள் ரெட்டினாலுடன் ஒப்பிடப்பட்டது. இரண்டுமே சுருக்கங்களையும் கருமையையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்தன. ஒரு மூலிகை நல்லதா, கெட்டதா என்பதைவிட, அதன் எந்தப் பகுதி, எந்த அளவில், எந்த நோக்கத்துக்கு என்பதே முக்கியம் என்பதற்கு இவ்விதை நல்ல சான்று. கடையில் குளியல் பொடி வாங்குவோரும் வீட்டில் அரைப்போரும் கருந்திட்டு உள்ளவர்களுக்கு இதைத் தவிர்த்துவிடலாம்.

தவிர்க்க வேண்டியவை

எலுமிச்சைச் சாறு: தோலின் இயல்பான அமில-காரக் குறியீடு சுமார் 5. எலுமிச்சைச் சாற்றின் குறியீடோ சுமார் 2 மட்டுமே. இத்தகைய வலிய அமிலம் தோலின் மேற்காப்பைச் சிதைக்கிறது. எலுமிச்சை இனப் பழங்களில், குறிப்பாகப் பச்சை எலுமிச்சையில், வெயிலுடன் வினைபுரியும் சோராலென் வகைப் பொருள்களும் உள்ளன. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் முதலில் கொப்புளமும், பின்னர் மாதக்கணக்கில் மறையாத கருமையும் தோன்றலாம்.

சமையல் சோடா: காரத்தன்மை கொண்டது. இதுவும் தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைத்து வறட்சியையும் எரிச்சலையும் உண்டாக்குகிறது.

பற்பசை, பப்பாளிக்காய்ப் பால், பூண்டுச் சாறு, சுண்ணாம்பு: நேரடியாகப் பூசினால் தோலைப் புண்ணாக்கக்கூடியவை. மாநிறத் தோலில் ஒவ்வொரு புண்ணும் ஒரு புதிய கருந்திட்டாக முடிய வாய்ப்புண்டு.

சர்க்கரை, உப்பு, காப்பித்தூள் கொண்டு தேய்த்தல்: கரடுமுரடான துகள்கள் உராய்வுக் கருமையைக் கூட்டும்.

உருளைக்கிழங்குச் சாறு, தக்காளிச் சாறு: தீங்கு குறைவு எனினும், கருமையைப் போக்கும் என்பதற்கு வலுவான மருத்துவச் சான்று இல்லை.

இயற்கையிலிருந்து மருந்தாக மாறியவை

தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மருந்துகள் பலவற்றின் பிறப்பிடமும் இயற்கையே. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள அசெலாயிக் அமிலம் 20 விழுக்காட்டுக் களிம்பாக மங்குக்கும் பருக் கருமைக்கும் பயன்படுகிறது. ஜப்பானில் அரிசி மதுவைப் புளிக்கவைக்கும் பூஞ்சையிலிருந்து பெறப்பட்டது கோஜிக் அமிலம். கரடிப்பழச் செடியின் இலையிலிருந்து கிடைத்தது அர்புடின். வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நியாசினமைடு, உருவான நிறமி மற்றச் செல்களுக்குப் பரவுவதைக் குறைக்கிறது. வைட்டமின் சி பூச்சு, வெயிலால் ஏற்படும் சேதத்தைத் தணிக்கிறது.

அளவு நிர்ணயிக்கப்பட்டு, தூய்மைப்படுத்தப்பட்ட இப்பொருள்கள் வீட்டுப் பூச்சுகளைவிட நம்பகமான பலனைத் தருகின்றன. மூன்று மாதம் வீட்டு முறைகளைக் கடைப்பிடித்தும் மாற்றம் தெரியவில்லை எனில், மருத்துவரிடம் இவற்றைப் பற்றிக் கேட்கலாம்.

மூலிகை என்ற பெயரில் வரும் ஆபத்து

வீட்டு வைத்தியம் பலிக்காதபோது அடுத்ததாகப் பலர் செய்வது, அக்கம்பக்கத்தார் சொன்ன களிம்பை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசுவது. மிகப் பெரிய சேதம் இங்கேதான் நேர்கிறது.

அத்தகைய களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் உள்ளன. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சிடும். பின்னர் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, பருக்கள் கிளம்பி, தேவையற்ற முடி வளரத் தொடங்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் பயன்படுத்துவோர் மீண்டும் அதையே நாடுகின்றனர். இந்தியாவில் 12 தோல் மருத்துவ மையங்களில் நடத்தப்பட்டு 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முகத் தோல் பாதிப்புடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசி வந்தது தெரியவந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர்கள் மருத்துவர் அல்லாதவர்களே. இதன் தொடர்ச்சியாகத் தோல் மருத்துவர்கள் வலியுறுத்தியதை அடுத்து, 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் அறிவித்தது.

இரண்டாவது ஆபத்து பாதரசம். டைரோசினேஸ் நொதியை முடக்கித் தோலை வேகமாக வெளுக்கச் செய்யும் பாதரசம், தோல் வழியே உடலில் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிப்பான் பாதிப்புடன் கண்டறியப்பட்ட 22 பேரில் 15 பேருக்கு அரிய வகை பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்புகளைப் பயன்படுத்தியிருந்தனர் என அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். முகம், கால் வீக்கம், சிறுநீரில் நுரை ஆகியவை இதன் அறிகுறிகள். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்கான ஒப்பனைப் பொருள்கள் தவிர்த்த மற்றவற்றில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

களிம்பின் மேல் தயாரிப்பாளரின் முழு முகவரி, உற்பத்தி உரிம எண், சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியல் ஆகியவை இல்லையெனில் வாங்கக் கூடாது. வெளிநாட்டுத் தயாரிப்பாயின் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். 'ஏழே நாளில் நிறம் மாறும்' என்று கூறும் எதையும், அது மூலிகை என்று அச்சிடப்பட்டிருந்தாலும், ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

கழுத்துக் கருமைக்கு உணவும் நடையும்

கழுத்துக் கருமைக்கு மேற்பூச்சைவிட உடல் எடைக் குறைப்பே சிறந்த சிகிச்சை. எடை குறைந்து இன்சுலின் செயல்பாடு சீரடையும்போது கருமையும் படிப்படியாக விலகுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் தலைமையேற்று நடத்திய ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவும் 13.6 கோடி பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக 2023-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. பள்ளி மாணவர்களின் கழுத்திலும் இக்கருமை தென்பட்டால், சரியாகக் குளிக்கவில்லை என்று கடிந்துகொள்வதை விடுத்து, இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்வதே பெற்றோர் செய்ய வேண்டியது. பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்மையும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனையும் தேவைப்படலாம்.

இனிப்புப் பானங்களையும் மைதா உணவுகளையும் குறைத்து, நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது நல்ல தொடக்கம். நெல்லிக்காய், கொய்யா, கீரை வகைகள் போன்றவை உடல்நலத்துக்கு நல்லவை. எனினும் எந்தவோர் உணவும் தனித்து நின்று முகத்துத் திட்டை அழித்துவிடாது.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

கர்ப்ப காலத்தில் ரெட்டினாய்டு, ஹைட்ரோகுயினோன் கலந்த களிம்புகளைத் தவிர்க்க வேண்டும். பாதரசம் கருவில் உள்ள குழந்தைக்கும் கேடு விளைவிக்கும். வெயில் காப்பும் பொறுமையும் இக்காலத்துக்குப் போதுமானவை. சிகிச்சை தேவைப்பட்டால் அசெலாயிக் அமிலம் போன்ற பாதுகாப்பான தேர்வுகளை மருத்துவர் கூறுவார்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

திட்டு விரைவாகப் பெரிதானாலும், ஓரங்கள் ஒழுங்கற்று, நிறம் இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், இரத்தம் கசிந்தாலும் தாமதிக்கக் கூடாது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் புதிதாகத் தோன்றும் கரும்புள்ளியும் இதில் சேரும். திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோய்க்கான பரிசோதனை தேவை. ஈறுகளும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்து, சோர்வும் எடைக் குறைவும் சேர்ந்தால் அது அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம்.

லக்ஷ்மிபாய் நகர் வட்டாரத்தில் வசிப்போர் எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகளின் தோல் சிகிச்சைப் பிரிவுகளை அணுகலாம். மூலிகைச் சிகிச்சையை விரும்புவோருக்கு, சஃப்தர்ஜங் மருத்துவமனை வளாகத்தில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பிரிவும் உள்ளது. மருத்துவமனைக்குச் செல்லும்போது, இதுவரை பூசிய களிம்புகளின் குழாய்களையும் பொடிகளின் உறைகளையும் கையோடு எடுத்துச் சென்றால், காரணத்தைக் கண்டறிவது எளிதாகும். ஸ்டீராய்டு களிம்பை நீண்ட நாள் பூசி வந்தவர்கள் திடீரென நிறுத்தாமல், மருத்துவரின் ஆலோசனைப்படியே குறைக்க வேண்டும்.

பொறுமையே மருந்து

தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. வயது கூடக் கூட இக்காலமும் நீள்கிறது. எனவே எந்த முறையும் பலன் தருகிறதா என்பதை அறிய 8 முதல் 12 வாரங்கள் தேவை. நாள்தோறும் கண்ணாடியில் பார்த்து மனம் சோர்வதைவிட, மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த புகைப்படங்களை ஒப்பிடுவது சரியான நிலையைக் காட்டும்.

மங்க வேண்டியது திட்டே அன்றித் தோலின் இயல்பான நிறம் அன்று. மாநிறமும் கறுப்பும் நோய் அல்ல. அவற்றுக்குச் சிகிச்சையும் தேவையில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், தேவையற்ற களிம்புகளின் பிடியிலிருந்து பெரும்பாலோர் தப்பித்துவிடலாம்.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே வழங்கப்படுகின்றன. சிகிச்சையைத் தொடங்கும் முன் தகுதி பெற்ற மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.